பேஸும் இடிக்கணும், குரலும் கேட்கணும்

தம்பி, உங்கள் கேள்வி இது: "அண்ணா, பேஸ் நல்லா இடிக்கிற இயர்போன் வேணும். இதுவரை மூணு வாங்கிட்டேன். மூணுலயும் பேஸ் இருக்கு, ஆனா பாடுறவங்க குரல் தலையணைக்கு அடியில இருந்து வர்ற மாதிரி இருக்கு. ஒரு மணி நேரம் கேட்டா தலை வலிக்குது. ரெண்டும் சேர்ந்து வேணும்னா ரொம்பச் செலவு பண்ணணுமா? நீங்க கேட்டுப் பார்த்ததுல எது எப்படி இருந்துச்சு?"

பெரிய செலவு தேவையில்லை. ஆனால் நான்காவதை வாங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தாழ்ந்த ஒலியையெல்லாம் பேஸ் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர, அதற்குள் வெவ்வேறு பகுதிகள் இருக்கின்றன. பாட்டுக்குத் தரை போட்டுக் கொடுப்பது ஒரு பகுதி. வாத்தியத்துக்கும் குரலுக்கும் சதைப்பற்று கொடுப்பது இன்னொரு பகுதி. உங்களிடம் இருக்கும் மூன்றிலும் இந்த இரண்டாவதைத்தான் ஏற்றி வைத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. தலையணைக் குரல் அங்கிருந்துதான் வருகிறது. தலைவலியிலும் அதற்குப் பங்கு இருக்கலாம்.

முதலில் ஒரு சங்கடத்தைத் தீர்த்துவிடுகிறேன். பேஸ் பிடிக்கும் என்று சொன்னாலே "இசை தெரியாதவன்" என்று பார்க்கும் ஆட்கள் உண்டு. அவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளரின் குழு பல வருடம் ஆட்களை உட்காரவைத்து, எந்த மாதிரி ஒலி பிடிக்கிறது என்று சோதித்தது. பெரும்பாலோருக்குத் தட்டையான பேஸ் பிடிக்கவில்லை, ஓரளவு தூக்கிவிட்ட பேஸ்தான் பிடித்தது. 2019இல் ஹெட்போன்களை வைத்து அவர்கள் வெளியிட்ட ஆய்வில், அப்படித் தூக்கிய அளவும் போதாது, இன்னும் வேண்டும் என்றவர்கள் 15 சதவீதம். குறைவாக இருந்தால் நல்லது என்றவர்கள் 21 சதவீதம். நீங்கள் அந்த 15இல் ஒருவராக இருக்கலாம். நானும் அந்தப் பக்கம் சாய்ந்தவன்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதுதான் ஹெர்ட்ஸ். மனிதக் காதுக்கு எட்டுவது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. இதில் 20 முதல் 60 வரை உள்ளதை சப்-பேஸ் என்பார்கள். நாலு தந்தி பேஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி என்றால் 31. பியானோவின் இடது கோடிக் கட்டை 27.5. இந்தப் பகுதியில் பாடுபவர் யாருமில்லை, ஆகவே இதை எவ்வளவு ஏற்றினாலும் குரலுக்கு நேரடியாகச் சேதம் குறைவு. 60க்கு மேல் 250 வரை மிட்-பேஸ். கிக் டிரம் 'தும்' என்று குத்துவது இதன் கீழ்ப் பாதியில் கேட்கும். அதே தெருவில்தான் குரலும் குடியிருக்கிறது. ஆண்களின் பேச்சுக் குரலுடைய அடிச்சுருதி ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை, பெண்களுடையது 165 முதல் 255 வரை. ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகரின் ஆதார சட்ஜம் 131 ஹெர்ட்ஸ். அவர் பின்னால் மீட்டும் தம்பூராவின் மந்தரத் தந்தி அதில் பாதி.

பேஸை ஏற்று என்று ஒரு நிறுவனம் முடிவு செய்து 100 முதல் 250 வரை மொத்தமாக மேடு கட்டினால் என்ன ஆகும்? குரலின் அடிப்பகுதி மட்டும் ஊதிப் பெருகும். வார்த்தையைத் தெளிவாக்கும் மேல் சுருதிகள் அதற்கேற்ப உயராது. போதாததற்கு, ஒரு ஒலி இன்னொன்றை மறைக்கும் விஷயத்தில் காதின் அமைப்பே தாழ்ந்த ஒலிக்குச் சாதகமானது. உள்காதின் நத்தைக்கூட்டில் ஒலி அலை உயர்சுருதிப் பகுதியைக் கடந்துதான் தாழ்சுருதிப் பகுதிக்குப் போகிறது. போகிற வழியையும் அசைத்துவிட்டுப் போகும். அதனால் பலமான தாழ்ந்த ஒலி தனக்கு மேலே இருப்பதை மறைக்கும். மேலே இருப்பது கீழே உள்ளதை அந்த அளவுக்கு மறைக்காது. தலையணைக் குரலுக்குக் காரணம் இவ்வளவுதான்.

இப்போது உறுமி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இயர்போனின் பேஸைச் சோதிக்க இதைவிட நல்ல வாத்தியம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்த் திருவிழாவில் உறுமிக்காரருக்கு இரண்டடி தள்ளி நின்று கேட்டிருக்கிறேன். ஒரு பக்கத் தோலை நேர்க்குச்சியால் அடிப்பார். மறுபக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார். அந்தத் தேய்ப்பில் அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு முக்கல் எழும்பும். அழுத்தம் கூடக் கூட அது மேலே ஏறும், கையை விட்டால் சட்டென்று அறுந்துவிடும். பக்கத்தில் நின்றால் அந்த முக்கலுக்கு மேலே இன்னொன்றும் கேட்கும்: தோலில் குச்சி கரகரவென்று உரசும் சத்தம். கீழே முக்கல், மேலே கரகரப்பு, இரண்டும் ஒரே கையிலிருந்து ஒரே நேரத்தில்.

நல்ல உறுமிப் பதிவு ஒன்றைப் போட்டு இந்த மூன்றையும் தேடுங்கள். முக்கல் கீழே இறங்கி வருகிறதா? அது ஏறி இறங்கும்போது சுருதி மாறுவது தெரிகிறதா? உரசும் கரகரப்பு கூடவே கேட்கிறதா? மிட்-பேஸ் வீங்கிய இயர்போனில் முக்கல் பெரிதாக வரும், ஆனால் ஏற்ற இறக்கம் மழுங்கி எல்லாமே ஒரே 'பூம்' ஆகிவிடும், கரகரப்பு காணாமல் போகும். பேஸே இல்லாத இயர்போனில் கரகரப்பு மட்டும் சுரண்டுவது போல வரும், முக்கல் வராது. நல்ல பேஸ் இயர்போனில் மூன்றும் வரும். அதைக் கேட்ட அன்று எனக்குப் புல்லரித்துவிட்டது, உண்மையாகவே.

அடுத்தது மிருதங்கம். சின்ன வயதில் ஆறேழு வருடம் கற்றுக்கொண்டேன், மேடை ஏறும் அளவுக்கு இல்லை. ஆனால் தாழ்ந்த நாதம் எழும் தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பி, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் வழித்து, 'தொம்' சரியாகப் பேசும்வரை வாத்தியார் தட்டிக்கொண்டே இருந்தது கையில் பதிந்திருக்கிறது. ரவை கொஞ்சம் கூடினால் நாதம் இறங்கும், உலர்ந்தால் ஏறும். அந்த நுணுக்கமெல்லாம் பேஸில்தான் நடக்கிறது. கும்கி என்று ஒன்று உண்டு, தொப்பியில் அடித்த கையாலேயே தோலை அழுத்தி நாதத்தை வழுக்க வைப்பது. கச்சேரிப் பதிவில் தனி ஆவர்த்தனத்தைப் போட்டு, அந்த வழுக்கல் ஒரு வளைவாகக் கேட்கிறதா, அல்லது மொத்தையாக ஒரு இடி விழுந்து போகிறதா என்று பாருங்கள். கஞ்சிராவும் இப்படித்தான். தோலில் தண்ணீர் தெளித்து இறக்கிய நாதம், ஒற்றைக் கையால் வளைந்து வரும்.

எவ்வளவு வருகிறது என்பதோடு எப்படி நிற்கிறது என்பதையும் கேளுங்கள். புதுப் பாட்டுகள் பலவற்றில் அடியில் ஓடுவது 1980இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 டிரம் மெஷினின் கிக் வழி வந்த ஒலிதான். அது அடித்த பிறகும் நீண்டு 'தூஊஊம்' என்று இழுக்கும். இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்கட்டும். ஆனால் பாட்டில் அது நின்ற பிறகும் இயர்போன் இழுத்துக்கொண்டிருந்தால், அடுத்த அடி அதன் மேல் விழுந்து குழையும். அடிக்கும் அடிக்கும் நடுவே ஒரு வெற்றிடம் தெரிய வேண்டும். அந்த வெற்றிடத்தில்தான் குரல் வெளியே வந்து நிற்கும். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிடார் தாளத்துக்கு முட்டுக் கொடுப்பதோடு நிற்பதில்லை, தனி மெட்டாகவே பல்லவிக்கு அடியில் நடந்து போகும். ஒவ்வொரு ஸ்வரமாக அதைக் கூடவே பாட முடிகிறதா பாருங்கள். பாட முடிந்தால் அது நல்ல பேஸ்.

நான் கேட்டவற்றைச் சொல்கிறேன். எல்லாம் என் காது, என் ரசனை.

சோனியின் எக்ஸ்ட்ரா பேஸ் வரிசையில் எம்டிஆர்-எக்ஸ்பி55ஏபி, 12 மில்லிமீட்டர் டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்). நம் ஊரில் கடைக்குக் கடை தொங்கிய மாடல். இதன் பேஸ் முழுக்க உடம்புதான், சதைப்பற்று அதிகம். தவிலும் கிக்கும் உருண்டு திரண்டு வரும். குரல் இரண்டடி பின்னால் போகும், சலங்கை, சிம்பல் எல்லாம் மெத்தையில் வைத்த மாதிரி மென்மையாக இருக்கும். வீட்டில் இரவு பதினொரு மணிக்குக் கேட்டபோது எனக்கு இது அதிகம். ஆனால் அதையே காலையில் பேருந்தில் போட்டபோது கச்சிதமாக இருந்தது. காரணம் எளிது. பேருந்தின் இன்ஜின் உறுமல் முழுக்கத் தாழ்ந்த ஒலி, அது பாட்டின் பேஸைத் தின்றுவிடும். தின்றது போக மிச்சம் நிற்க வேண்டுமென்றால் முதலிலேயே கூடுதலாக இருக்க வேண்டும். ஆகவே எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எது அதிகம், எது அளவு என்று சொல்ல முடியும். நீங்கள் அதைச் சொல்லவில்லை, யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்ஹைசர் ஐஇ 80 கொஞ்சம் பழைய மாடல். நான் இரண்டாம் கையில் வாங்கினேன். இதன் ஓட்டில் ஒரு குட்டித் திருகு இருக்கிறது. கூட வரும் ஊசி போன்ற கருவியால் அதைத் திருப்பினால் பேஸ் கூடும், குறையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத் திருப்பித் திருப்பியே கழித்தேன். முழுக்கக் குறைத்து வைத்தாலும் பேஸ் தாராளம். பாதிக்கு மேல் போனபோது முதலில் ஒரு மகிழ்ச்சி, பத்தாவது நிமிடத்தில் வயலின்கள் சுவருக்குப் பின்னால் போனது தெரிந்தது. திருகைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தேன். காது முதல் இரண்டு நிமிடம் அதிகத்தைத்தான் விரும்பும். கடையில் அரை நிமிடம் கேட்டுவிட்டு வாங்குவது இதனால்தான் ஏமாற்றத்தில் முடிகிறது.

பின்னாளில் வந்த ஐஇ 300இல் டிரைவர் வெறும் 7 மில்லிமீட்டர். ஆனால் சப்-பேஸ் இறங்கும் ஆழம் வியக்க வைக்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் மில்லிமீட்டர் கணக்கை வைத்து பேஸை அளக்க வேண்டாம் என்பதற்கு இதைச் சொல்கிறேன். அதே பெட்டியில் "20 - 20,000 ஹெர்ட்ஸ்" என்று இருக்குமே, அதனாலும் பயனில்லை. எந்தச் சுருதி எத்தனை டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) ஏறி இறங்கியிருக்கிறது என்பதை அது சொல்லாது.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ட்ரூத்இயர் ஜீரோ ரெட். 2023இல் வந்தது. சிங்கப்பூர் விமர்சகர் க்ரினாகிள் சேர்ந்து ஒலியை வடிவமைத்தது. ஒரு பக்கத்துக்கு 10 மில்லிமீட்டரும் 7.8 மில்லிமீட்டருமாக இரண்டு டைனமிக் டிரைவர் (சாதாரண ஸ்பீக்கர் போலச் சவ்வு அசையும் வகை). அப்படியே போட்டால் பேஸ் அடக்கமாக இருக்கும், "இதுவா?" என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் பெட்டிக்குள் 10 ஓம் தடை கொண்ட ஒரு சின்ன அடாப்டர் வைத்திருக்கிறார்கள். அதை நடுவில் மாட்டினால் பேஸ் எழுந்து நிற்கிறது. எழுவது பெரும்பாலும் அடியில் உள்ள பகுதி. குரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உறுமிப் பதிவை அடாப்டர் இல்லாமலும் மாட்டியும் மாற்றி மாற்றிக் கேட்டேன். இல்லாமல் கேட்டபோது கரகரப்பு முன்னால், முக்கல் பின்னால். மாட்டிய பிறகு முக்கல் முன்னே வந்து நின்றது, கரகரப்பு அதன் தோளில் உட்கார்ந்துகொண்டது. நீங்கள் தேடுவது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரே எச்சரிக்கை, காதுக்குள் போகும் மூக்குப் பகுதி தடிமனானது. சின்னக் காதுத் துளை உள்ளவர்கள் முடிந்தால் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

தடையைக் கூட்டினால் பேஸ் எப்படிக் கூடுகிறது என்று கேட்பீர்கள். இயர்போனின் மின்தடை எல்லாச் சுருதியிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. தொடரில் ஒரு தடையைச் சேர்த்தால், மின்தடை அதிகமுள்ள சுருதிகளுக்குப் பங்கு கூடுதலாகவும், குறைவாக உள்ளவற்றுக்குப் பங்கு குறைவாகவும் போய்ச் சேரும். இந்த இயர்போனில் அது பேஸுக்குச் சாதகமாக அமைகிறது. அதே அடாப்டரை வேறொன்றில் மாட்டினால் வேறு மாதிரி ஆகும், ஆகவே எல்லாவற்றிலும் சொருகிப் பார்க்க வேண்டாம்.

எதிர்த் துருவத்தையும் ஒருமுறை கேட்டுவையுங்கள். எடிமோடிக் நிறுவனத்தின் இஆர்-4, 1991இல் வந்த வரிசை, ஒற்றை பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (காது கேட்கும் கருவிகளில் வைக்கும் வகைக் குட்டி டிரைவர்). பேஸ் தூக்கலே கிடையாது. நண்பரிடம் வாங்கி ஒரு வாரம் கேட்டேன். என் ரசனைக்கு ஒல்லி. ஆனால் பேஸ் கிடாரின் ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அதில்தான் முதலில் தெளிவாகக் கேட்டேன். அதற்குப் பிறகு பேஸ் அதிகமான இயர்போன்களில் எது நல்லது என்று கண்டுபிடிப்பது எனக்கு எளிதாகிவிட்டது.

இனி, இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. காதை அடைக்கும் அந்த ரப்பர். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். அதைக் கல்யாண மண்டபத்தில் கேட்க வைக்க ஆள் உயரப் பெட்டிகளை அடுக்குகிறார்கள். சுண்டுவிரல் நகம் அளவுப் பொருள் அதை எப்படிக் கொடுக்கிறது? காதுக்குள் அலை ஓட வேண்டியதில்லை. அடைத்து வைத்த கொஞ்சூண்டு காற்றை அமுக்கி இழுத்தாலே அந்த அழுத்தம் செவிப்பறைக்குப் போய்விடும். ஆனால் அடைப்பில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் அழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும். கசிவில் முதலில் போவது சப்-பேஸ். சப்-பேஸ் போய்விட்டால் மிச்சம் மிட்-பேஸ் வீக்கம் மட்டும்தான். "இன்னும் பேஸ் வேணும்" என்று சத்தத்தைக் கூட்டுவீர்கள், வீக்கமும் கூடும்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு இயர்போனில் இடது பக்கம் பேஸ் குறைவாகவே இருந்தது. பழுது என்று நினைத்து வாங்கிய இடத்துக்குத் திருப்பி அனுப்பினேன், வேறொன்று வந்தது, அதிலும் அதே கதை. ஒருநாள் தற்செயலாக இரண்டையும் காது மாற்றிப் போட்டேன். அப்போதும் இடது பக்கமே குறைந்தது. பழுது இயர்போனில் இல்லை, என் இடது காதுத் துளை வலதைவிடக் கொஞ்சம் பெரியது. இடதுக்குப் பெரிய ரப்பர், வலதுக்கு நடுத்தர ரப்பர் போட்டதும் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. இன்றுவரை எல்லா இயர்போனிலும் இப்படித்தான் போடுகிறேன்.

நீங்களும் செய்து பாருங்கள். டோன் ஜெனரேட்டர் என்று தேடினால் இலவச ஆப் நிறையக் கிடைக்கும். 40 ஹெர்ட்ஸ் வைத்து, சத்தத்தைக் குறைவாக வைத்து, இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தியதும் ஒலி திடீரென்று வளர்ந்தால் அடைப்பு சரியில்லை என்று அர்த்தம். ரப்பர் அளவை மாற்றுங்கள். காது மடலை மேலே பின்னால் இழுத்துப் பிடித்துச் சொருகுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஃபோம் டிப் வாங்குங்கள், உருட்டிச் சுருக்கி உள்ளே விட்டால் விரிந்து அடைத்துக்கொள்ளும். அது மேல் ஒலியின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும், பேஸ் பிரியர்களுக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. ஓட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் அதை டேப்பாலோ அழுக்காலோ மூட விடாதீர்கள். டைனமிக் டிரைவர் மூச்சு விடும் வழி அது. மூடினால் பேஸ் மாறிவிடும்.

அடுத்து ஈக்வலைசர், ஒவ்வொரு சுருதிப் பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி. உங்கள் போனில் இருக்கும் பேஸ் பூஸ்ட் பொத்தானைத் தொட வேண்டாம், பல ஆப்களில் அது 200 வரை எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கும். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்ற ஆப், கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 அல்லது 5 டெசிபல் கூட்டுங்கள். 200ஐச் சுற்றி 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். மொத்த அளவை, கூட்டிய அளவுக்குச் சமமாக இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உச்சத்தில் ஒலி உடையும். இந்த 200 குறைப்புதான் மருந்து. தலையணை விலகுவது அங்கேதான் தெரியும். உங்களிடம் இருக்கும் மூன்றில் ஒன்றாவது இந்த வைத்தியத்துக்குக் கட்டாயம் மசியும் என்று நம்புகிறேன்.

தலைவலி பற்றிச் சொன்னீர்கள், அதைச் சாதாரணமாக விட மனமில்லை. நம் காது தாழ்ந்த ஒலிக்கு மந்தம். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். இன்றைய சர்வதேசத் தர வளைவின்படி 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாகக் கேட்கும் அளவுக்கு 50 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 78 டெசிபல் வேண்டும். சத்தத்தைக் கூட்டக் கூட இந்த இடைவெளி குறையும், அதனால் சத்தமாக வைத்தால் பேஸ் மட்டும் விசேஷமாகக் கூடியது போலத் தெரியும். பேஸ் பிரியர்கள் தங்களை அறியாமல் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது இதனால்தான். ஆனால் கூடவே குரல், சிம்பல் எல்லாம் ஏறுகிறது, காது அடி வாங்குவது அதனால். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். அடைப்பு சரியாக இருந்து, சப்-பேஸை ஈக்வலைசரில் கூட்டிக்கொண்டால், மொத்தச் சத்தத்தை நாலைந்து படி இறக்கியும் அதே திருப்தி கிடைக்கும். ஒரு வாரம் அப்படிக் கேட்டும் வலி வந்தாலோ, காதில் 'ங்ஙொய்' என்று ரீங்காரம் தங்கினாலோ காது மருத்துவரைப் பாருங்கள். அதில் தாமதம் வேண்டாம்.

வயர் இல்லாதவை பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. பேருந்து, ரயில்தான் உங்கள் கேட்கும் இடம் என்றால் இரைச்சல் நீக்கும் வசதி உள்ள இயர்பட்ஸ் நல்ல தேர்வு. அந்த வசதி சிறப்பாக வேலை செய்வது தாழ்ந்த இரைச்சலில்தான். இன்ஜின் சத்தம் போய்விட்டால் பேஸை அவ்வளவு ஏற்ற வேண்டியிருக்காது. அப்புறம், புது இயர்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால் பேஸ் மாறும் என்பார்கள். பெரும்பாலும் மாறுவது நம் பழக்கம் என்பது என் அனுபவம். அதற்காகக் காத்திருந்து, திருப்பி அனுப்பும் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

இந்த வாரம் எதையும் வாங்க வேண்டாம். இருக்கும் மூன்றில் பெரிய ரப்பரும் சின்ன ரப்பரும் மாற்றி 40 ஹெர்ட்ஸ் சோதனை, பிறகு 200ஐக் குறைத்து ஒரு உறுமிப் பதிவு, ஒரு தனி ஆவர்த்தனம், உங்களுக்கு வரி வரியாக மனப்பாடமான ஒரு பாட்டு. எந்தக் காதில் எந்த ரப்பர் நின்றது, குரல் எவ்வளவு முன்னால் வந்தது, மூன்றின் மாடல் பெயர் என்ன, கேட்பது வீட்டிலா பேருந்திலா என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஜீரோ ரெட் தேவையா, இருப்பதே போதுமா என்று சொல்கிறேன்.